கண்ணாடி போன்ற பளபளப்பு

பெயின்டர் காற்றை நம்புவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. அதனால் அதைத் தகர மூடியில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினான்.

காலியான பெயின்ட் டப்பாக்களின் மூடிகளைத் துடைத்து, கரும்பச்சை எனாமலை ஒரு பூச்சு பூசி, பட்டறை வாசலில் மணிக்கு ஒன்றாக வைப்பான். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, ஈரப் பெயின்ட்டில் என்னென்ன வந்து விழுந்து ஒட்டியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியை வைத்து எண்ணுவான். மூடிக்குக் கீழே சாக்பீஸால் நேரத்தை எழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டுவான். மழை கண்டு ஏழு மாதமாகிவிட்ட அந்த ஊரில், காற்று எந்த நேரத்தில் எதைச் சுமந்து வரும் என்பது அந்தச் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விடிகாலை ஐந்து மணி மூடியில் கரி. செங்கல் சூளைப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியில்லாமல் குளிரில் முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும் நேரம் அது. ஒன்பது மணி மூடியில் செம்மண். மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு மணி மூடியில் செம்மண்ணோடு ஆட்டு ரோமம், வைக்கோல் துணுக்கு, ஒருநாள் யாரோ கிழித்துப் போட்ட பஸ் டிக்கெட்டில் பாதி. சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்று அடங்கிவிடும். ஆனால் அந்த மூடியில் பதினோரு கொசுக்கள். அதில் ஒன்று ஒரு காலை மட்டும் தூக்கியபடி, போவதா இருப்பதா என்று முடிவெடுக்காத நிலையில் உறைந்து போயிருந்தது. பெயின்டர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் மனநிலை அவனுக்குப் புரிந்தது.

சுத்தமாக இருந்தது ஒரே ஒரு வேளைதான். சூரியன் தலைகாட்டியதும் புகை எழுந்து போய்விடும். காற்று இன்னும் வந்திருக்காது. காலை ஆறிலிருந்து எட்டே முக்கால் வரை.

நாற்சந்தியில் நகராட்சியும் காற்றை அளக்க ஒரு மின்பலகை வைத்திருந்தது. அதில் ஒரு முகம், காற்று நன்றாக இருந்தால் பச்சையாகச் சிரிக்கும், சுமாராக இருந்தால் மஞ்சளாக முறைக்கும், மோசமாக இருந்தால் சிவப்பாக அழும். பலகையின் மேல் ஒரு விரற்கடைக்குத் தூசி படிந்துவிட்டதால் மூன்றும் ஒரே காவி நிறத்தில்தான் தெரிந்தன. வாயின் வளைவை வைத்து ஜனங்கள் ஆளுக்கொரு விதமாக யூகித்துக்கொண்டு போனார்கள். அதை நம்பி யாரும் பெயின்ட் அடிக்க முடியாது.

அவன் அடிக்க வேண்டியிருந்தது ஒரு தண்ணீர் டேங்கரை. பெட்டி போலச் சதுரமான தொட்டி, அதற்குக் கரும்பச்சை. நகராட்சியிடம் அப்படி ஏழு இருந்தன. ஒன்றை மாதிரிக்கு அடித்துக் காட்டித் தேறிவிட்டால் ஏழும் அவனுக்கு. ஒரு வருஷத்துக்குக் குனிந்த தலை நிமிராமல் வேலை. தேறாவிட்டால் மச்சானின் டயர் கடை.

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பேசத் தொடங்கினால் இரவு ஷட்டரை இறக்கும்வரை பேசுவார், அவ்வளவுதான். "டயர்ங்கறது என்ன மாப்ள? காத்தைக் கட்டி வைக்கிறது" என்று ஆரம்பித்தால் மனித வாழ்க்கை முழுவதையும் டியூபுக்குள் அடக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார். பெயின்டரோ ஒரு நாளில் பேசுவதைச் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. அவனுக்கு வேலை செய்யப் பயமில்லை. நட்டு முடுக்குவான், பஞ்சர் ஒட்டுவான். காலை முதல் இரவு வரை அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவனால் ஆகாத காரியம்.

"இந்தத் தடவையும் தேறலைன்னா நம்ம கடைக்கு வந்துடுங்க மாப்ள" என்று மச்சான் போன மாதம் கேட்டார். பெயின்டர் பதில் சொல்லவில்லை. மச்சான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, முதுகில் கடைப் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்றை அவன் அளவுக்குத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

தேறுவது சுலபமாக இல்லாததற்குக் காரணம் நகராட்சி என்ஜினியர். வேலை விதித் தாளில் 'கண்ணாடி போன்ற பளபளப்பு இருத்தல் வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. மற்ற ஊர்களில் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த என்ஜினியர் எழுதியிருப்பதை எழுதியிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறவர். பளபளப்பை அளக்க அலுவலகத்தில் கருவி கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு மீசை இருந்தது. பெரிய மீசை. தொட்டியிலிருந்து ஒரு கை தூரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன்மேல் நிமிர்ந்து நின்று, சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து மீசையைச் சீவுவார். தொட்டியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தால் தேர்ச்சி.

முதல் தடவை பெயின்டர் காற்றில் அடித்துவிட்டான். "மீசையில மண்ணு தெரியுது. என் மீசையில மண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் என்ஜினியர். இரண்டாம் தடவை சாயங்காலம் அடித்தான். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த முடி பறக்குது" என்றார். அது கொசு. மூன்றாவதுதான் கடைசி. திங்கட்கிழமை காலை பதினோரு மணி.

அதனால்தான் மூடிகள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் அடித்து முடித்தால், எட்டே முக்காலுக்குள் மேற்பரப்பு ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும். பிறகு காற்று எதை அள்ளி வீசினாலும் துடைத்துவிடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் டேங்கரை ஓட்டி வந்து பட்டறையில் நிறுத்தினார். பட்டறை என்பது தகரக் கூரை ஒன்றும் மூன்று பக்கச் சுவரும். தெருவைப் பார்த்த கிழக்குப் பக்கம் திறந்தே இருக்கும். நிறுத்தும்போது டேங்கர் தளும்பிய சத்தத்தில் பெயின்டரின் நெஞ்சும் ஒருமுறை தளும்பியது.

"ரொப்பிட்டே வந்துட்டேன்" என்றார் டிரைவர், பெரிய உபகாரம் செய்தவரைப் போல. "நாளைக்கு உங்க தெரு முறை. வண்டி எப்படியும் இங்கதான் நிக்கப் போவுது. நின்ன இடத்துலயே புடிச்சுக்கட்டுமே. நமக்கு ஒரு நடை மிச்சம். எப்படி என் மூளை?"

பெயின்டர் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'காலி பண்ணிட்டுக் கொண்டாங்க' என்று மூன்றே வார்த்தை. அவன் அவற்றை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "வர்றேன் பெயின்டரே, பின்வால்வு கொஞ்சம் இறுக்கம், தட்டித் திறங்க" என்று தெருமுனைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு காலை தெருவைக் கட்டிப்போடும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். பட்டறைக்கு வரும் போன்களை எடுப்பது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது, அவன் நினைத்ததை அவர்களுக்குச் சொல்வது எல்லாம் அவள்தான். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் மௌனத்தை அவள் ஆறு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். பசி மௌனம், யோசனை மௌனம், கோப மௌனம், சும்மா மௌனம், அண்ணன் வந்திருக்கும்போது வரும் மௌனம், தூங்கிவிட்ட மௌனம். கடைசி இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வீடு வீடாகப் போய் ஒன்பது மணிவரை யாரும் வாசல் கூட்டக் கூடாது, பாய் உதறக் கூடாது என்று சொல்லி வைத்தாள். எதிரே மாவு மில் நடத்தும் அக்காவிடம் மிஷினைப் போடக் கூடாதென்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள். வண்டி எதுவும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள தெருமுனையில் மச்சானை நிறுத்தினாள். ஆறு மணிக்கு பெயின்டர் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தபோது, தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை. கம்ப்ரஸர் மட்டும் மெல்ல உறுமியது. பச்சை, தகரத்தின் மேல் தண்ணீர் போலப் பரவி இறங்கியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான், வலமிருந்து இடம், இடமிருந்து வலம். இப்படிப்பட்ட நேரங்களில் உலகத்தில் யாருக்கும் யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றும். அது அவனுக்குப் பிடித்த எண்ணம்.

ஏழு பத்துக்குக் கடைசிக் கை முடிந்தது. திரும்பிப் பார்த்தான். தெருவே குடங்களோடு நின்றுகொண்டிருந்தது.

முன்னால் மாவு மில் அக்கா. ஆளுக்கு நான்கு குடம், வாளி, ஒரு வீட்டிலிருந்து குளிக்கும் அண்டாவையே தூக்கி வந்திருந்தார்கள். வரிசை அசைய அசைய, கணுக்காலுக்குக் கீழே செம்மண் சின்னச் சின்ன மேகங்களாகக் கிளம்பியது.

"நாங்க கூட்டல. உதறல. மிஷினும் போடல" என்றாள் அக்கா. "ஆனா தண்ணி புடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே? நாலு நாளாச்சு வந்து. டிரைவர் போன் பண்ணினாரு, வண்டி ரொம்பி நிக்குதுன்னு."

"அக்கா, பெயின்ட் ஈரம்" என்றாள் மனைவி.

"வண்டிக்கு வெளியதானம்மா ஈரம்? எங்களுக்கு உள்ள இருக்கற ஈரம் போதும்."

"ஒன்பது மணி வரைக்கும் பொறுங்களேன்."

"ஒன்பது மணிக்கு வேற தெருக்காரன் மோப்பம் புடிச்சு வந்துடுவான். நான் தலை குளிச்சு வாரமாச்சு. இந்தா பாரு, என் தலையைத் தட்டினா ரெண்டு படி மாவு விழும்."

"தட்டிடாதீங்க!" என்று மனைவி அலறினாள்.

தெருமுனையிலிருந்து மச்சான் ஓடி வந்தார். குள்ளமான மனுஷர், ஓடினால் உருள்வதுபோல் இருக்கும். ஓடிய வேகத்தில் அவருக்குப் பின்னாலேயே ஒரு தூசிப் படலமும் ஓடி வந்தது. "யாரும் நகராதீங்க! கூட்டம் போடாதீங்க! இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா? இது வெறும் பெயின்ட் இல்ல, என் தங்கச்சி குடும்பம்!"

"நீதாண்ணே இப்போ அதிகமா நகர்ற" என்றாள் தங்கை.

பெயின்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது ஜோடிக் கால்கள். துரத்தினாலும் தூசி, நிற்க வைத்தாலும் தூசி. பெயின்ட் காய எட்டே முக்கால் ஆகும், அதற்குள் இந்த மிதிபட்ட மண் முழுக்கப் புறப்பட்டு நேராகத் தொட்டிக்குத்தான் வரும். மண்ணை அமுக்கி வைக்க வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டும். ஊரில் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"முதல் குடம் தெருவுக்கு" என்றான்.

அவன் குரலைத் தெருவில் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். மனைவி புரிந்துகொண்டு விளக்கினாள்: ஒவ்வொருவரும் பிடிக்கிற முதல் குடத்தைத் தன் வீட்டு வாசலிலிருந்து தெருவின் நடுவரைக்கும் தெளித்துவிட வேண்டும். இரண்டாவதிலிருந்து வீட்டுக்கு. வண்டியை யாரும் தொடக்கூடாது. காலைத் தேய்த்து நடக்கக்கூடாது.

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல மண்ணுக்கு ஊத்தறதா?" என்றாள் அக்கா.

"அந்த மண்ணைத்தானக்கா ஏழு மாசமா தின்னுட்டிருக்கோம்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

பின்வால்வைத் தட்டித் திறந்தார்கள். ஈரமான பெயின்ட்டுக்கு இரண்டு சாண் தள்ளி, வயிற்றை எக்கிக்கொண்டு, திருடப் போனவர்களைப் போல நுனிக்காலில் வந்து, பிடித்து, நுனிக்காலில் திரும்பினார்கள். மச்சான் கட்டளைப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். "முந்தானையைச் செருகிக்கோங்கம்மா. ஐயா, வேட்டியை மடிச்சுக் கட்டுங்க, ஆடினா காத்து வருது. மூச்சை இந்தப் பக்கம் விடாதீங்க, அந்தப் பக்கம் விடுங்க." இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகம் கோணியது. மூக்கு விரிந்தது. தொட்டிக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"அண்ணே!"

மச்சான் மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க, தெருவின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து, முனை திரும்பி மறைந்தார். எங்கேயோ தூரத்தில் ஒரு வெடி வெடித்தாற்போல் கேட்டது. காகங்கள் பறந்தன. வரிசையில் நின்ற எல்லோரும் ஒருசேர மூச்சுவிட்டார்கள், அந்தப் பக்கமாக.

எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஈரம். ஏழு மாதத்தில் முதல்முறையாக மண் வாசனை எழுந்தது. எட்டே முக்காலுக்கு மேற்கிலிருந்து காற்று சொன்ன நேரத்துக்கு வந்தது. தெருவுக்குள் நுழைந்து, தூக்க எதுவும் கிடைக்காமல், ஒரு வேட்டியைக் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போனது.

ஒன்பதரைக்கு பெயின்டர் விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். ஒட்டவில்லை. ஒரு மண்துகள் இல்லை, ஒரு கொசு இல்லை. தெரு ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்துக்கொண்டு போனார்கள். மாவு மில் அக்கா இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இப்படியா ஆயிட்டேன்? மில்லை வித்துடலாமா?" என்று வருத்தத்தோடு போனாள். பெயின்டர் உள்ளே போய் வெகுநாளுக்குப் பிறகு நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டான்.

எழுந்து வந்தபோது மணி பன்னிரண்டு. டேங்கர் முன்னால் போய் நின்றான். அதில் அவன் முகம் தெரிந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. நெற்றி மட்டும் இல்லை.

ஒரு நூல் பிடித்துக் கோடு கிழித்தாற்போல, தொட்டியின் நடுவே நேர்க்கோடு. கோட்டுக்குக் கீழே கண்ணாடி. கோட்டுக்கு மேலே பெயின்ட் மங்கி, ஆறிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

மனைவி வந்து பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இந்த மௌனம் ஆறு வகையிலும் சேரவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. "ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

அவன் கை மடக்கிக் கோட்டுக்கு மேலே தட்டினான். டங்கென்றது. கீழே தட்டினான். தொப்பென்றது. பாதித் தண்ணீர் உள்ளேதான் இருந்தது. காலை வெயில் நேராக இந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் தகரம் குளிர்ந்து கிடந்திருக்கிறது. பெயின்ட் நிதானமாகக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் இல்லாத பாதி தோசைக்கல்லாகிவிட்டது. காற்றை மணிக்கு மணி அளந்தவன், தொட்டிக்கு உள்ளே இருந்ததை அளக்க மறந்துவிட்டான்.

"நாளைக்குக் காலைல மேல் பாதிய மட்டும் அடிச்சுட்டா?"

"சுருங்கினது காயணும். தேய்க்கணும். மூணு நாள்."

"அப்போ எவ்வளவு உயரம் வரைக்கும் தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார் மச்சான், பின்னாலிருந்து. அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "உங்க புருவம் வரைக்கும் தெரியுது. என்ஜினியர் ஆறடி. நின்னா அவருக்குக் கழுத்துதான் தெரியும். ஆக, அவரை உக்கார வைக்கணும். அவ்வளவுதானே? என் கடையில குட்டி ஸ்டூல் இருக்கு. மாப்ள, மனுஷன் ஏன் நிக்கறான் தெரியுமா? உக்கார இடம் இல்லாததால."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தூசிக்காக முகத்தில் பாதியை மறைக்கும் வெள்ளை முகக்கவசம் அணிந்திருந்தார். மச்சான் ஸ்டூலைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து நீட்டினார். "உக்காருங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க."

"நான் உக்கார்ந்து பரிசோதிக்கறதில்ல."

சாக்பீஸால் கோடு போட்டார். அதன்மேல் நின்றார். பெயின்டர் மனைவியின் பக்கம் பார்த்தான். மனைவி வானத்தைப் பார்த்தாள். என்ஜினியர் தொட்டியை இன்னும் ஏறிட்டுப் பார்க்காமல், குனிந்து பையிலிருந்து சீப்பை எடுத்தார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

மேலுதடு வெறுமையாக இருந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சீப்பைப் பார்த்தார். அங்கே இழவு விழுந்தாற்போல் ஒரு நிசப்தம் பரவியது. அந்த நிசப்தத்தில் பெயின்டர் ஒருவன்தான் இயல்பாக இருந்தான்.

"டாக்டர் எடுக்கச் சொல்லிட்டார்" என்றார் என்ஜினியர் கடைசியில். "மூணு வாரமா ஓயாம தும்மல். உங்க மீசைதான் சார் ஊர்த் தூசி முழுக்கப் புடிச்சு வச்சிருக்கு, அதோடதான் நீங்க மூச்சு விடறீங்கன்னார். நேத்து சாயங்காலம் எடுத்தேன். பழக்கத்துல சீப்பை எடுத்துட்டு வந்துட்டேன்."

"அடப்பாவமே" என்றாள் மனைவி. உண்மையாகவே சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம்."

"திரும்ப வளரும் சார்."

"காத்து சரியாகட்டும்னு டாக்டர் சொல்றார். எப்போ சரியாகும்னு கேட்டா நாற்சந்திப் பலகையைப் பாருங்கங்கறார். அது சிரிக்குதா அழுவுதான்னே தெரியல." சீப்பைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார். "கருவி இல்லாம பரிசோதனை செய்ய முடியாது. செய்யலைன்னா இன்னையோட கெடு முடிஞ்சுது. நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

அதைக் கேட்டதும் பெயின்டரின் முதுகில் ஒரு நீலச் சட்டையின் பாரம் இறங்கியது.

"மீசைதானே சார் வேணும்?" என்றார் மச்சான்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். டயர் கடையில் கிரீஸும் வியர்வையுமாய் வளர்ந்த மீசை. என்ஜினியரின் மீசை அளவுக்கு அகலமில்லை. ஆனால் அடர்த்தியில் பிரஷ் தோற்கும். என்ஜினியர் அருகே வந்து குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை ஆராய்ந்தார். நிபுணர் ஒருவர் இன்னொருவரின் உபகரணத்தைப் பார்க்கும் பொறாமையும் மரியாதையும் அந்தப் பார்வையில் இருந்தன.

"முடி கனம் சரியா இருக்கு" என்றார். "கோட்டு மேல நில்லுங்க."

மச்சான் நின்றார். அவருடைய தலை உச்சிகூடத் தொட்டியின் நடுக்கோட்டை எட்டவில்லை. சீப்பை வாங்கி மீசையைச் சீவினார். என்ஜினியர் அவர் தோளுக்கு மேலே குனிந்து, தொட்டியில் தெரிந்த மீசையை இடமிருந்து வலமாக எண்ணத் தொடங்கினார். வாழ்நாளில் முதல்முறையாக மச்சான் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றார், உதடு அசைந்தால் எண்ணிக்கை தப்பும் என்பதால். பெயின்டர் அந்த இரண்டு நிமிஷத்தையும் ரசித்தான் என்றே சொல்ல வேண்டும்.

"தெரியுது" என்றார் என்ஜினியர். "ஒவ்வொண்ணும் தெரியுது. நுனியில ரெண்டா பிளந்திருக்கறதுகூடத் தெரியுது." நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் ஆறடி உயரத்தில் அவர் கண்ணுக்கு நேராக மேல் பாதி வந்தது. "இது என்ன?"

மச்சான் வாயைத் திறந்தார். "அது டிசைன் சார், ரெண்டு வித..."

"டிசைன் இல்ல" என்றான் பெயின்டர்.

பிறகு அவன் பேசினான். தண்ணீர் ரொம்பி வந்தது, குடங்கள் வந்தது, முதல் குடம் தெருவுக்குப் போனது, பாதி காலியானது, வெயில் விழுந்தது, சுருங்கியது. நடுவில் நான்கு தடவை நின்றான். ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மனைவி விரலை மடக்கி வார்த்தைகளை எண்ண ஆரம்பித்து, ஐம்பதுக்கு மேல் விட்டுவிட்டாள்.

என்ஜினியர் கை மடக்கித் தட்டிப் பார்த்தார். டங். தொப். மறுபடியும் டங். மறுபடியும் தொப். அவருக்கு அது பிடித்துப் போனது போலிருந்தது. இன்னும் மூன்று முறை தட்டினார்.

"மண்ணு ஒண்ணுகூட இல்லையே. எப்படி?"

பெயின்டர் பேச்சு தீர்ந்துவிட்டதால் சுவரைக் காட்டினான். என்ஜினியர் மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். காலைத் தூக்கிய கொசுவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, ஜீப்பின் பானெட் மேல் பதிவேட்டை வைத்து எழுதினார்.

"கீழ் பாதி தேர்ச்சி. மேல் பாதியைத் தேய்ச்சுட்டுத் திரும்ப அடிக்கணும். அடிக்கறப்போ தொட்டி கழுத்து வரைக்கும் ரொம்பி இருக்கணும், காயற வரைக்கும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. தெருவுக்குத் தெளிக்கறதுக்குத் தனியா ஒரு நடை அனுப்பறேன். மத்த ஆறும் இதே மாதிரி." பேனாவை நிறுத்தினார். "கருவின்னு ஒரு கட்டம் இருக்கு. இவ்வளவு நாளும் என் பேரைப் போடுவேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு மச்சானின் பெயரைக் கேட்டு எழுதினார். கீழே 'மீசை, ஒன்று' என்று சேர்த்தார்.

"ஏழு வண்டிக்கும் ஒரே கருவிதான் இருக்கணும். நடுவுல மாத்தினா தணிக்கையில கேள்வி வரும். முடியிற வரைக்கும் கத்தரிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, சாயம் பூசக் கூடாது. புரியுதா?"

"நீங்க கவலையே படாதீங்க சார்" என்றார் மச்சான். கண் கலங்கியிருந்தது. "கடையை மத்தியானத்துக்கு மேல தொறந்துக்கறேன். காலையில எல்லாம் இங்கதான் இருப்பேன். கருவி பக்கத்துலயே இருக்கறது நல்லதுதானே? மாப்ள, கேட்டீங்களா? இனிமே ஒரு வருஷம் நானும் நீங்களும் ஒண்ணு."

பெயின்டர் மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அவள் தோள் குலுங்கியது. அழவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு டேங்கர் மறுபடியும் பட்டறையில் நின்றது. பெயின்டர் பலகைமேல் ஏறி நின்று, வாட்டர் பேப்பரை நனைத்து, சுருங்கிய மேல் பாதியைத் தேய்க்கத் தொடங்கினான். கீழே, குட்டி ஸ்டூலில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மீசைக்குத் தூசி படாமல் இருக்க முகக்கவசம் மாட்டியிருந்தார்.

"பளபளப்புங்கறது என்ன மாப்ள?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டார். "யோசிச்சுப் பாருங்க. நம்மள நமக்கே காட்டறது. டயர்ல அது கெடையாது. டயர் கறுப்பு. ஏன் கறுப்பு?"

வாட்டர் பேப்பரின் சரசரப்பில் பாதிதான் காதில் விழுந்தது. பெயின்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான்.